டாக்டருக்கு வேலை இல்லை, ஊருக்கு டாக்டர் இல்லை

போன வாரம் எங்கள் கல்லூரி கேன்டீனில் ஒரு சண்டை. "நம்ம வரிப்பணத்துல அஞ்சு வருஷம் டாக்டருக்குப் படிச்சுட்டு, கடைசியில வெள்ளைக்காரனுக்கு ஊசி போடப் போயிடறானுங்க. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கணும்" என்றான் ஒருவன். "இங்க வேலை கொடுத்தா ஏன் போறாங்க? எங்க அக்கா படிச்சு முடிச்சு ரெண்டு வருஷமா பரீட்சை மேல பரீட்சை எழுதிட்டு உட்கார்ந்திருக்கா" என்றாள் இன்னொருத்தி. அதுவரை டீயை ஆற்றிக்கொண்டிருந்த மூன்றாமவன் கேட்டான்: "ஊர்ல டாக்டரே இல்லைங்கறீங்க, டாக்டருக்கு வேலை இல்லைன்னும் சொல்றீங்க. ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்க முடியும்?"

யாரிடமும் பதில் இல்லை. மணி அடித்தது, கலைந்துவிட்டோம்.

அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை. காரணம், எங்கள் வீட்டிலேயே இதற்கு ஒரு உதாரணம் இருக்கிறார். என் அப்பாவின் சித்தப்பா. நாங்கள் "லண்டன் தாத்தா" என்போம். (அவர் லண்டனில் குடியிருந்ததே இல்லை, வேல்ஸில் ஒரு நிலக்கரி ஊரில் இருக்கிறார். எங்கள் ஊரில் கடல் தாண்டினால் எல்லாம் லண்டன்தான்.) 1969ல் போனவர். குடும்பத்தில் பாதிப் பேர் அவரைப் பெருமையாகச் சொல்வார்கள், மீதிப் பேர் "ஊரை விட்டு ஓடிப்போனவர்" என்பார்கள். வரலாற்று மாணவன் என்று பெயர் வைத்துக்கொண்டு இதைத் தேடிப் பார்க்காமல் இருந்தால் எப்படி? நூலகத்தில் நாலு நாள் உட்கார்ந்தேன். அதன் விளைவுதான் இந்த நீளமான கட்டுரை. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு பழைய கணக்கு. 1941-42ல், பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பதிவு செய்த ஆங்கில மருத்துவர்கள் 47,524 பேர். அதில் பட்டம் பெற்றவர்கள் 17,654 பேர்தான். மீதி 29,870 பேர் எல்.எம்.பி. என்று நம் தாத்தா பாட்டிகள் சொல்வார்களே, அந்த டிப்ளமா வைத்திருந்தவர்கள். மருத்துவப் பள்ளிகளில் நாலு வருஷம் படித்து வந்தவர்கள். சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946ல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கணக்கு இருக்கிறது. சுமார் 6,300 பேருக்கு ஒரு மருத்துவர் என்று அந்தக் குழு கணக்கிட்டது. அதுவும் சராசரிதான். நகரத்தில் தெருவுக்கு ஒருவர் இருக்க, கிராமத்தில் ஃபிர்க்காவுக்கே ஒருவர் இல்லாத நிலை.

எல்.எம்.பி. எல்லோரும் கிராமத்தில் சேவை செய்தார்கள் என்று கதை விடப்போவதில்லை. அவர்களிலும் பெரும்பாலோர் டவுனில்தான் பலகை மாட்டினார்கள். ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் 1920களில், பனகல் அரசர் முதலமைச்சராக இருந்தபோது, கிராமத்தில் தங்கி வைத்தியம் பார்க்கும் டாக்டருக்கு ஆண்டு மானியம் கொடுக்கும் திட்டம் வந்தது. மானியம் கொடுத்த இடத்துக்கு டாக்டர்கள் போனார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எல்.எம்.பி. டிப்ளமாவுக்கு இன்னொரு குணம் உண்டு. அது கடல் தாண்டாது. பிரிட்டனில் வைத்தியம் பார்க்க வேண்டுமானால் அங்குள்ள பொது மருத்துவக் கவுன்சிலில் பதிய வேண்டும். அவர்கள் அங்கீகரித்தது இந்தியப் பல்கலைக்கழகப் பட்டங்களைத்தான். அதையும் 1930ல் தரம் போதவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். இங்கே பெரிய அவமானமாகிவிட்டது. 1933ல் இந்திய மருத்துவக் கவுன்சில் சட்டம் வந்ததற்கு அந்த அவமானமும் ஒரு காரணம். அதாவது நம் நாட்டு மருத்துவக் கல்வியைக் கண்காணிக்கும் அமைப்பு பிறந்தபோதே, "லண்டன்காரன் நம்மை ஒத்துக்கொள்வானா" என்ற கவலையோடுதான் பிறந்தது.

போர் குழு என்ன சொன்னது? இரண்டு வகை டாக்டர் வேண்டாம், ஒரே வகை போதும், எல்லோரும் எம்.பி.பி.எஸ். படிக்கட்டும் என்றது. குழுவிலேயே சிலர் இதை ஒத்துக்கொள்ளாமல் மறுப்புக் குறிப்பு எழுதினார்கள். நாட்டுக்கு அவசரமாக நிறைய டாக்டர்கள் தேவை, டிப்ளமாவை இப்போதே மூட வேண்டாம் என்பது அவர்கள் வாதம். எடுபடவில்லை. மருத்துவப் பள்ளிகள் ஒவ்வொன்றாகக் கல்லூரிகளாயின. (சென்னையின் ஸ்டான்லி 1938லேயே கல்லூரியாகிவிட்டது.) ஒரே வகை டாக்டர் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கிராமத்தானுக்கு மட்டும் ஏன் அரைகுறை டாக்டர் என்று கேட்டால் யார் மறுக்க முடியும்? ஆனால் இதன் விளைவு, சுதந்திர இந்தியா உருவாக்கிய ஒவ்வொரு டாக்டரும் லண்டனில் செல்லுபடியாகும் நோட்டாக வெளியே வந்தார்.

அடுத்து கல்லூரிகள். சுதந்திரத்துக்குப் பின் மளமளவென்று திறந்தார்கள். நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: மதுரை 1954, கீழ்ப்பாக்கம் 1960, செங்கல்பட்டும் திருநெல்வேலியும் 1965, கோவை 1966. தஞ்சாவூரும் அந்தக் காலத்தில் வந்ததுதான். 1960களின் முடிவில் நாட்டில் தொண்ணூறுக்கு மேல் மருத்துவக் கல்லூரிகள். ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் மாணவர்கள் சேர்ந்தார்கள்.

சரி, படித்து வந்தவர்களுக்கு இடம் எங்கே? கிராமப்புறத்தில் அரசு மருத்துவர் என்றால் ஆரம்ப சுகாதார நிலையம்தான். 1952ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு, வட்டாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அவை வந்தன. ஒரு வட்டாரம் என்றால் அறுபதாயிரம் முதல் ஒரு லட்சம் பேர். அதற்கு ஒரு டாக்டர், சில இடங்களில் இரண்டு. நாடு முழுக்க சுமார் 5,000 வட்டாரங்கள். எல்லா இடத்திலும் இரண்டு டாக்டர் போட்டிருந்தாலும் மொத்தம் பத்தாயிரம் பணியிடம். அதாவது கல்லூரிகளில் ஒரே ஒரு வருஷம் சேர்ந்தவர்களை வைத்தே எல்லாவற்றையும் நிரப்பிவிடலாம்! அடுத்த வருஷம் வருகிறவர் என்ன செய்வார்?

நகரத்து ஆஸ்பத்திரிகளில் இடம் இருந்தது, ஆனால் குறைவு. சொந்தமாக கிளினிக் வைக்கலாம், கையில் காசு வேண்டும். கிராமத்தில் வைக்கலாம், நோயாளி கையில் காசு வேண்டும். 1965, 66ல் மழை பொய்த்து ரேஷன் அரிசிக்கு நின்ற மக்களிடம் டாக்டர் ஃபீஸ் எங்கிருந்து வரும்?

கேன்டீனில் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். நோயாளி இருப்பது வேறு, பணியிடம் இருப்பது வேறு. ஒரு ஊரில் பத்தாயிரம் நோயாளிகள் இருக்கலாம். அவர்களைப் பார்க்கிற டாக்டருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க யாராவது இருந்தால்தான் அது பணியிடம். கல்லூரி கட்டுவது ஒருமுறைச் செலவு, திட்டச் செலவில் போய்விடும், அடிக்கல் நாட்டிப் படம் எடுத்துக்கொள்ளலாம். டாக்டர் சம்பளம் வருஷா வருஷம் போகிற செலவு, திட்டக் காலம் முடிந்தால் மாநில அரசின் தலையில் விழும். எந்த நிதித் துறை அதிகாரியும் இரண்டாவதற்குச் சுலபத்தில் கையெழுத்துப் போடமாட்டார். அதனால் டாக்டர்கள் பெருகினார்கள், இடங்கள் பெருகவில்லை. 1970களில் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் பதிவேட்டில் ஆயிரக்கணக்கான டாக்டர்களின் பெயர்கள் இருந்தன. அதே சமயம் டாக்டரையே பார்க்காமல் பிரசவத்தில் செத்த பெண்களும் இருந்தார்கள்.

லண்டன் தாத்தா கதை இந்த இடத்தில் வருகிறது. 1967ல் ஹவுஸ் சர்ஜன் முடித்தார். ஒரு வருஷம் காத்திருந்து, ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. அரசு ஊழியர் வீடுகளில் "10ஏ1" என்றாலே தெரியும். தேர்வாணையம் தேர்ந்தெடுத்த ஆள் வரும் வரைக்கும் இருக்கலாம், வந்தால் எழுந்து போக வேண்டும். பதினோரு மாதத்தில் ஆள் வந்துவிட்டார், தாத்தா பெட்டியைக் கட்டினார். அந்த ஊர்க்காரர்கள் பஸ் ஸ்டாண்டு வரை வந்து வழியனுப்பினார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் தாத்தாவின் குரல் கொஞ்சம் இறங்கும். அடுத்த மாதம் ஏர் இந்தியா விமானம். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டால் கையில் கொண்டுபோக அனுமதி மூன்று பவுண்டு.

அவரை இங்கிருந்து தள்ளியது தெரிகிறது. அங்கிருந்து இழுத்தது எது? இது எனக்கு ரொம்ப சுவாரசியமாக இருந்த பகுதி.

பிரிட்டன் 1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கியது, என்.எச்.எஸ். என்று சுருக்கமாக. எல்லோருக்கும் இலவச வைத்தியம். தேவை ஏறிக்கொண்டே போனது. அந்த நேரம் பார்த்து, வில்லிங்க் குழு என்று ஒன்று 1957ல் "நம்மிடம் டாக்டர்கள் அதிகமாகிவிடுவார்கள், மருத்துவ மாணவர் சேர்க்கையைப் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள்" என்று அறிக்கை கொடுத்தது! இவ்வளவு பெரிய தப்புக் கணக்கை ஒரு அரசாங்கக் குழு போட்டதே என்று சிரிக்கலாம், ஆனால் அந்தத் தப்புக் கணக்குதான் எங்கள் தாத்தாவுக்கு வேலை கொடுத்தது. அதே காலத்தில் பிரிட்டிஷ் டாக்டர்கள் கனடா, ஆஸ்திரேலியா, அமெரிக்கா என்று கிளம்பிக்கொண்டிருந்தார்கள். "மூளை வடிதல்" என்கிறோமே, அந்த ஆங்கிலச் சொற்றொடர் பரவியதே 1963 வாக்கில், பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அமெரிக்காவுக்கு ஓடுவதைப் பற்றிய புலம்பலில்தான். நம்மைப் பற்றிச் சொல்ல அது பின்னால் வந்தது.

அவர்கள் விட்டுப்போன இடங்களுக்கு இந்திய, பாகிஸ்தானிய டாக்டர்கள் போனார்கள். இவர்கள் மட்டும் வந்திருக்காவிட்டால் சுகாதாரச் சேவையே நொறுங்கியிருக்கும் என்று கோஹன் பிரபு 1961ல் பிரபுக்கள் சபையிலேயே சொன்னார். 1962ல் காமன்வெல்த் குடியேறிகள் சட்டம் வந்து கூலித் தொழிலாளிகளுக்குக் கதவு சாத்தப்பட ஆரம்பித்தது. டாக்டர்களுக்கு மட்டும் "பி" வகை வவுச்சர், தாராளமாக. அப்போது சுகாதார அமைச்சர் யார் தெரியுமா? ஈனக் பவல். 1968ல் பர்மிங்காமில் குடியேறிகளுக்கு எதிராக விஷம் கக்கினாரே, அதே பவல்தான். அவரே நேரில் ஆளெடுத்தார் என்று சிலர் எழுதுகிறார்கள், அது மிகை. ஆனால் வெளிநாட்டு டாக்டர்கள் நம் ஆஸ்பத்திரிகளுக்குப் பெரிய பலம் என்று 1963ல் நாடாளுமன்றத்தில் அவர் பேசியது உண்மை. அமைச்சராக இருந்தபோது பலம், அமைச்சர் பதவி போனபின் ஆபத்து. என்ன கொடுமை சார் இது!

போன டாக்டர்களுக்கு என்ன வேலை கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். தாத்தா ஆசைப்பட்டது இதய அறுவை. எழுதிப் போட்ட விண்ணப்பங்களைக் கணக்கு வைப்பதையே நிறுத்திவிட்டாராம். கிடைத்தது முதியோர் வார்டு. இது அவர் ஒருவர் கதை இல்லை. முதியோர் மருத்துவம், மனநல மருத்துவம் போன்ற, உள்ளூர் டாக்டர்கள் மதிக்காத துறைகளில்தான் தெற்காசியர்கள் குவிந்தார்கள். குடும்ப டாக்டராகப் போனவர்களுக்கும் லண்டனின் ஏழைப் பகுதிகள், வடக்கின் ஆலை நகரங்கள், வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகள். 1980களில் என்.எச்.எஸ். குடும்ப டாக்டர்களில் சுமார் 16 சதவீதம் பேர் தெற்காசியாவிலிருந்து வந்தவர்கள். பல சுரங்க ஊர்களில் ஊருக்கே ஒரு டாக்டர், அவர் ஒரு இந்தியர்.

தாத்தாவும் ஐந்து வருஷ முதியோர் வார்டுக்குப் பிறகு அப்படி ஒரு ஊருக்குத்தான் போனார். தூசி அடைத்த நுரையீரலோடு வரும் சுரங்கத் தொழிலாளிகள். அவர்கள் ஆங்கிலம் இவருக்குப் புரியாது, இவர் ஆங்கிலம் அவர்களுக்குப் புரியாது. "ரெண்டு வருஷத்துல ஒருத்தர் பேச்சு ஒருத்தருக்குத் தொத்திக்கிச்சு" என்பார்.

அதே வேல்ஸில், கிளின்கோரக் என்ற சுரங்க கிராமத்தில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்று ஒரு பிரிட்டிஷ் டாக்டர் இருந்தார். 1971ல் 'லான்செட்' மருத்துவ இதழில் புகழ்பெற்ற கட்டுரை ஒன்று எழுதினார். எங்கே நோய் அதிகமோ அங்கே நல்ல வைத்தியம் குறைவாகவும், எங்கே நோய் குறைவோ அங்கே அதிகமாகவும் கிடைக்கும் என்பது சாரம். சந்தையின் கையில் விட்டால் இது இன்னும் மோசமாகும் என்றும் சொன்னார். இதைப் படித்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ராமநாதபுரம் கிராமத்துக்கு டாக்டர் இல்லாத அதே காரணத்தால்தான் வேல்ஸ் சுரங்க கிராமத்துக்கும் டாக்டர் இல்லை. வித்தியாசம், வேல்ஸில் சம்பளம் கொடுக்க ஒரு அரசாங்கம் தயாராக இருந்தது. தாத்தா ஒரு டாக்டர் இல்லாத ஊரிலிருந்து கிளம்பி இன்னொரு டாக்டர் இல்லாத ஊருக்குத்தான் போயிருக்கிறார்!

அமெரிக்கக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1965ல் அங்கே குடியேற்றச் சட்டம் மாறியது. அதே வருஷம் முதியோருக்கும் ஏழைகளுக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வந்தது. டாக்டர்களுக்கு ஏகப்பட்ட தேவை. போக வேண்டுமானால் ஒரு தகுதித் தேர்வு எழுத வேண்டும். இந்திய அரசு 1960களின் பிற்பகுதியில் அந்தத் தேர்வை இந்தியாவில் நடத்தக்கூடாது என்று தடை போட்டது. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? கொழும்புக்கும் சிங்கப்பூருக்கும் போய் எழுதிவிட்டு வந்தார்கள். தடை போட்டவர்கள் அந்தக் காசில் பணியிடம் போட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது. இதற்கு முன்பே, 1958ல், வெளிநாட்டில் படித்துத் திரும்பும் விஞ்ஞானிகளுக்கும் டாக்டர்களுக்கும் நிரந்தர வேலை கிடைக்கும் வரை உதவித்தொகை கொடுத்து வைத்திருக்க "விஞ்ஞானிகள் தொகுப்பு" என்று ஒரு திட்டம் போட்டார்கள். அதாவது காத்திருப்பதற்கே ஒரு பதவி! 1973க்குப் பின் எண்ணெய்க் காசு வந்ததும் ஈரான், வளைகுடா என்று வேறு கதவுகள் திறந்தன.

பிரிட்டனின் கதவு மட்டும் 1975ல் பாதி சாத்தப்பட்டது. இந்தியப் பட்டங்களுக்கு இருந்த முழு அங்கீகாரம் போனது, புதிதாக வருபவர்கள் மொழியிலும் மருத்துவத்திலும் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். பின்னாளில் பிளாப் என்று பெயர் பெற்ற தேர்வின் முன்னோடி அது. முதல் தடவை எழுதியவர்களில் பெரும்பாலோர் தேறவில்லை. பட்டங்களின் தரம் ஏறுக்குமாறாக இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள், அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் காலத்தைப் பாருங்கள். அவர்கள் நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் சேர்க்கை அப்போது பெருகியிருந்தது. ஐரோப்பியப் பொதுச்சந்தை நாடுகளின் டாக்டர்கள் இந்தத் தேர்வு இல்லாமலே வர வழி செய்யும் விதிகளும் அதே 1975ல்தான் வந்தன. தேவை இருந்த 25 வருஷம் தெரியாத தரக்குறைவு, தேவை குறைந்ததும் தெரிந்துவிட்டது.

குழாய் மாதிரிதான். தாகம் எடுத்தால் திறப்பது, தீர்ந்தால் மூடுவது. 1985ல் இன்னொரு திருகல், பயிற்சிக் காலத்துக்கு வரம்பு வைத்தார்கள். 2000 வாக்கில் புதிய சுகாதாரத் திட்டம் போட்டபோது மறுபடி திறந்தார்கள், வெளிநாடுகளில் விளம்பரம் செய்தார்கள். ஆயிரக்கணக்கில் நம் பிள்ளைகள் கடன் வாங்கி பிளாப் எழுதப் போனார்கள். தேர்வில் தேறியவர்களுக்கு வேலை இல்லை. ஒரு இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம். கிழக்கு லண்டனில் ஈஸ்ட்ஹாம் பகுதியில் ஒரு அறையில் ஐந்து பேர், ஆறு பேர் என்று தங்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிகளில் சம்பளமில்லாமல் "அட்டாச்மென்ட்" பார்த்துக்கொண்டு, கோயில் அன்னதானத்தில் சாப்பிட்டு நாள் ஓட்டிய இந்திய டாக்டர்களைப் பற்றி அங்குள்ள பத்திரிகைகளே எழுதின. எம்.பி.பி.எஸ். படித்துவிட்டுக் கோயில் பந்தியில் உட்கார்வது என்றால் வீட்டுக்கு எழுத முடியுமா? எழுதவில்லை. அதனால் அடுத்த வருஷமும் ஆட்கள் வந்தார்கள்.

2006 மார்ச்சில் அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 3 முதல், பயிற்சியில் இருக்கும் வெளிநாட்டு டாக்டர்களுக்கும் வேலை அனுமதி வேண்டும், ஐரோப்பிய ஆள் கிடைக்காவிட்டால்தான் இவர்களை எடுக்கலாம். ஒரு மாத அவகாசம்கூட இல்லை. வேறு விசாவில் தங்க உரிமை பெற்றிருந்தவர்களையும் பின்வரிசையில் நிறுத்தச் சொல்லி சுகாதாரத் துறை வழிகாட்டுதல் கொடுத்தது. பிரிட்டனிலுள்ள இந்திய வம்சாவளி மருத்துவர் சங்கம் வழக்குப் போட்டு, கடைசியில் 2008 ஏப்ரல் 30 அன்று பிரபுக்கள் சபை அந்த வழிகாட்டுதல் சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. வழக்கில் சேர்ந்திருந்த இளம் பாகிஸ்தானிய டாக்டர் ஒருவர் அந்தத் தீர்ப்பைக் கேட்க உயிரோடு இல்லை. தற்கொலை செய்துகொண்டிருந்தார்.

இப்போது அந்த வரிப்பண வாதத்துக்கு வருகிறேன். நண்பன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1979ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றின்படி, 1972 வாக்கில் உலகில் சுமார் 1,40,000 டாக்டர்கள் சொந்த நாட்டுக்கு வெளியே இருந்தார்கள். அதிகம் கொடுத்த நாடு இந்தியா. டெல்லி எய்ம்ஸில் 1989 முதல் 2000 வரை பட்டம் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டில் இருப்பதாக 2008ல் ஓர் ஆய்வு வந்தது. ஏழை நாட்டின் காசில் பணக்கார நாட்டுக்கு டாக்டர் தயாரித்துக் கொடுத்திருக்கிறோம், அந்த நாடுகள் ஒரு பைசா திருப்பித் தரவில்லை. இது அநியாயம்தான். ஆனால் அதே உலக சுகாதார நிறுவன ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. தன்னால் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடிகிற அளவைத் தாண்டி டாக்டர்களை உருவாக்கும் நாடுகளிலிருந்துதான் டாக்டர்கள் வெளியேறுகிறார்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தால் அவர்கள் கிராமத்துக்குப் போகமாட்டார்கள், வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போவார்கள்.

இதற்கு எதிர் உதாரணம் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலைய வேலைக்கு டாக்டர்கள் போட்டி போடுகிறார்கள். காரணம் தியாக உணர்ச்சி மட்டுமில்லை. அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மேற்படிப்பில் இட ஒதுக்கீடு இருக்கிறது. கிராமத்தில் சில வருஷம் இருந்தால் எம்.டி., எம்.எஸ். படிக்க வழி உண்டு. நடுவில் அகில இந்திய விதிகளால் இதற்கு ஆபத்து வந்தது. அரசு டாக்டர்கள் சங்கம் வழக்கு நடத்தி, மாநிலங்களுக்கு இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தில் 2020 ஆகஸ்ட் 31 அன்று தீர்ப்பு வாங்கினார்கள். பனகல் அரசர் காலத்து மானியம் நினைவிருக்கிறதா? விஷயம் அதேதான். இருக்க ஒரு காரணம் கொடுத்தால் ஆள் இருக்கிறார்.

ஆனால் பழைய கணக்கு இங்கும் திரும்புகிறது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் பதினொரு புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்தார்கள். நல்லதுதான், நம் பிள்ளைகள் படிப்பார்கள். 2025 ஜனவரியில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2,553 உதவி மருத்துவர் இடங்களுக்குத் தேர்வு வைத்தபோது இருபதாயிரத்துக்கு மேற்பட்ட டாக்டர்கள் விண்ணப்பித்திருந்தார்கள். கேன்டீனில் பேசிய தோழியின் அக்கா அதில் ஒருத்தி. கிடைக்கவில்லை. இப்போது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி டாக்டர். பகலில் பிளாப் புத்தகம்.

அந்தக் கதவும் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். 2025ல் பிரிட்டனில் சுமார் 10,000 சிறப்புப் பயிற்சி இடங்களுக்கு முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட டாக்டர்கள் வரிசையில் நின்றார்கள். அவர்கள் நாட்டிலேயே படித்தவர்கள் வேலை கிடைக்காமல் ஆஸ்திரேலியாவுக்குப் போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அங்கேயும் நோயாளிகள் குடும்ப டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை லண்டன் தாத்தாவுக்கு வீடியோ கால் போட்டேன். எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். அவர் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்த சர்ஜரியை மூடிவிட்டார்களாம். விளம்பரம் கொடுத்தும் டாக்டர் வரவில்லை. ஊர்க்காரர்கள் இப்போது பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு பஸ் ஏறிப் போகிறார்கள். "எனக்கே முட்டி வலிக்கு அங்கதான் போக வேண்டியிருக்கு" என்று சிரித்தார். நான் தோழியின் அக்காவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். பிறகு, "அந்தப் பொண்ணு பேரு எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ்ல பதிஞ்சிருக்காளா?" என்றார்.